காரம் தனியாக

என் கணவர் யோஷிமாசா மாதத்தின் கடைசிப் புதன்கிழமை தவறாமல் சினிமாவுக்குப் போவார். தனியாகத்தான் போவார். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற பிறகு தொடங்கிய பழக்கம். மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். வரும்போது படத்தின் விளம்பரத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவருவார். நான் மீனைச் சுட்டுப் பரிமாறுவேன். அவர் தாளை விரித்து வைத்துக்கொண்டு கதை சொல்வார்.

நன்றாகச் சொல்வார், அதை மறுக்க முடியாது. மற்ற நாட்களில் "ம்", "சரி", "குளிக்க வெந்நீர் ஆச்சா" என்பதோடு அவர் வாய் மூடிக்கொள்ளும். படக்கதை என்றால் மட்டும் பாதிச் சோறு ஆறும் வரை பேசுவார். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று நான் கேட்டால் கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பார், பிறகு முடிவைச் சொல்வார். எல்லாப் படமும் நல்லபடியாகவே முடியும். காணாமல் போனவர்கள் வீடு வந்து சேருவார்கள். எங்கள் வீட்டில் வந்து சேராத ஒருத்தி இருந்ததால் அந்த முடிவுகள் எனக்குப் பிடித்திருந்தன.

எங்களுக்கு மடோக்கா ஒரே மகள். மூன்றரை வருஷத்துக்கு முன், குஜி என்கிறவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். ஏற்கெனவே ஒரு கல்யாணம் செய்து முறித்துக்கொண்டவன். நான் ஆள் வைத்து விசாரித்தேன். எங்கள் காலத்தில் பெண்ணைப் பெற்ற எல்லோரும் செய்ததுதான். விசாரணை அறிக்கை வந்ததும் இவரும்தான் முழுக்கப் படித்தார். "நல்ல வேளை, விசாரிச்சே" என்றும் சொன்னார். இரு வீட்டாரும் முறைப்படி சந்தித்த விருந்தில், குஜியின் அப்பா அம்மா முன்னாலேயே அந்த அறிக்கையை எடுத்து நான் படித்தேன். மூன்றாம் பக்கம் வருவதற்குள் மடோக்கா எழுந்து போய்விட்டாள். இவர் சூப்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படித்தது தப்பு என்று எனக்கு அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. சொல்லத்தான் ஆள் இல்லை. அவள் வீடு மாற்றிவிட்டாள், போன் எண்ணை மாற்றிவிட்டாள்.

ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவளுடைய பழைய விலாசத்துக்கே வாழ்த்து அட்டை எழுதிப் போட்டேன். "இந்த விலாசத்தில் இல்லை" என்ற முத்திரையோடு மூன்று தடவையும் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக் கொடுத்தார். "எங்க இருந்தாலும் நல்லாத்தான் இருப்பா" என்றார். அந்தக் கையை நான் எவ்வளவு நன்றியோடு பிடித்துக்கொண்டேன் என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இந்த அக்டோபர் மாதம் கடைசிப் புதன்கிழமை எங்கள் சேர்ந்திசைக் குழுவின் டீச்சருக்குச் சளி. புதன்தோறும் எனக்குப் பாட்டுப் பயிற்சி உண்டு. அது இல்லை என்றானதும், "இன்னிக்கு நானும் உங்களோட படத்துக்கு வரேன்" என்றேன்.

இவர் ஒரு காலில் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தார். மற்றொரு காலுறை கையிலேயே நின்றது.

"உனக்குப் பிடிக்காது, அம்மா. ஒரே சத்தமா இருக்கும்" என்றார். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"என் காது என்ன வெண்ணெயா, சத்தத்துல உருகிப் போக? இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட வாயேன்னு கூப்பிட்டதில்ல. நானாவது வந்து ஒட்டிக்கிறேன்."

"அதுக்கில்ல..." என்று இழுத்தவர், கழிப்பறைக்குப் போனார். போனை எடுத்துக்கொண்டு போனார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, "சரி, கெளம்பு" என்றார்.

எங்கள் மொரியோகாவில் சினிமாத் தெரு என்று ஒரு தெருவே இருக்கிறது. பாலத்தைத் தாண்டிப் போனோம். நகட்சு ஆற்றில் சால்மன் ஏறும் பருவம். பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து ஆட்கள் மீனை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இவர் நிற்கவில்லை. அரைக் கால்பந்து மைதான தூரம் எனக்கு முன்னால் நடந்தார். தியேட்டருக்கு வந்ததும் ஒரு இரும்புக் கதவின் முன் போய் நின்றார். கதவு மூடியிருந்தது. கதவு மேல் வெயிலில் வெளுத்துப்போன அறிவிப்பு: நுழைவாயில் மாடிக்கு மாற்றப்பட்டுள்ளது. தேதியைப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"நான் எப்பவும் பக்கத்து வழியா போவேன்" என்றார்.

பக்கத்தில் வழி எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்தது ஒரு செருப்புக் கடை.

மாடியில் சீட்டு கொடுப்பது இப்போது மிஷின்தான். திரையைத் தொட்டு, படத்தைத் தொட்டு, இருக்கையைத் தொட வேண்டும். இவர் அதைச் சுற்றிப் பார்த்தார், காசு போட ஓட்டை தேடினார். கடைசியில் அங்கே வேலை செய்யும் பெண்ணே வந்து எடுத்துக் கொடுத்தாள். "அடிக்கடி வர்றதா இருந்தா மெம்பர் கார்டு போட்டுக்கலாமே சார், ஆறு படம் பாத்தா ஒண்ணு சும்மா" என்றாள். "இல்ல, நான் அவ்வளவா வர்றதில்ல" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்ப்பது போல நின்றேன்.

படம் ரயில் கார்டு ஒருவனைப் பற்றியது. அவ்வளவுதான் எனக்கு நினைவில் இருக்கிறது. இரண்டு மணி நேரமும் இருட்டில் நான் வேறொரு படம் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் ஒரு பெண் இருந்தாள். ஐம்பத்தைந்து வயசுக்குள். புருஷன் செத்தவள். இவருக்குப் பிடித்த மாதிரி முள்ளங்கியைக் குழைய வேகவைக்கத் தெரிந்தவள். புதன்கிழமை என்னைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பிவிட்டு இவர் அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். என்னிடம் சொல்ல விளம்பரத் தாளைப் படித்துக் கதை உண்டாக்குகிறார். தாளில் பாதிக் கதைதானே இருக்கும். மீதியை, அந்த நல்ல முடிவுகளையெல்லாம், என் எதிரில் உட்கார்ந்து கூரையைப் பார்த்து இட்டுக்கட்டினார். அவளை விட அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. விளக்குப் போடும் வரை யாரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை மனசுக்குள் நாலு விதமாகக் கேட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். வெளியே வந்ததும் "பசிக்குது" என்றேன். சண்டை போடுவதானாலும் வெறும் வயிற்றோடு போட எனக்கு வராது.

ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் இறைச்சிச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அங்கே அடுப்பை மேஜையிலேயே பதித்திருப்பார்கள். இறைச்சியை நாமே சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் குளிர்ந்த சாற்றில் நூடுல்ஸ். ஏழு மணிக்கே கடை நிறைந்திருந்தது. ஒரு தட்டு மாட்டு நாக்கைச் சுட்டு முடித்தோம். இவர் ஒரு பீர் குடித்து முடித்திருந்தார், முகம் சிவந்து கொஞ்சம் தெம்பாக இருந்தார். நான் எதுவும் கேட்காததால் தப்பித்துவிட்டோம் என்ற தெம்பு. பரிமாறும் அம்மாள் வந்து நூடுல்ஸுக்குக் காரம் எப்படி வேண்டும் என்று கேட்டாள்.

"எனக்கு நடுத்தரமா போடுங்க," என்றார் இவர், பட்டியலைப் பார்த்துக்கொண்டே. "பாத்திக்குக் காரம் தனியா வெச்சிடுங்க."

அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனாள்.

எங்கள் வீடுகளில் பெயர் என்பது குழந்தை பிறக்கும் வரைக்கும்தான். அதன் பிறகு, வீட்டில் கடைசியாக வந்த உருப்படி யாரை எப்படிக் கூப்பிடுமோ, அப்படித்தான் எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுவார்கள். மடோக்கா பிறந்த வாரத்திலிருந்து நான் இவருக்கு அம்மா, இவர் எனக்கு அப்பா. ஃபுமியே என்ற என் பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு சுடா தம்பதியும் அப்படித்தான் இருந்தார்கள். பேரன் பிறந்த அன்றே அந்த அம்மாள் பாட்டியாகிவிட்டாள், அவர் தாத்தாவாகிவிட்டார். இப்போது அவர்கள் சண்டை போட்டுக்கொள்வது கூட அந்தப் பெயரில்தான்.

கிழவி என்று இவர் சொல்லியிருந்தால் நானும் ஒரு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு விட்டிருப்பேன். அது பத்து வருஷமாக எங்களுக்குள் ஓடும் கேலி. இவர் சொன்னது கிழவி இல்லை, பாட்டி கூட இல்லை. நாக்கு இன்னும் திரும்பாத ஒரு பிள்ளை சொல்கிற மாதிரி, பாத்தி. யாரோ ஒரு பிள்ளையிடம் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது.

"இப்ப என்னை என்னன்னு கூப்பிட்டீங்க?"

"எப்ப?"

"இப்பத்தான். அந்தம்மாகிட்ட."

"காரம் தனியா வெக்கச் சொன்னேன். நீதான் காரம் சாப்பிட மாட்டியே."

"பாத்தின்னீங்க. அறுபத்தாறு வயசுல மழலை வந்துடுச்சா?"

அவர் காது வரை சிவந்தார். காலியாயிருந்த பீர் கிளாஸை எடுத்துக் குடித்தார்.

நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டேன். "அவளுக்குப் பேரக்குழந்தை இருக்கா?"

"எவளுக்கு?"

"உங்க புதன்கிழமைக்கு."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். நிம்மதியாக, வாய்விட்டு. அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு நொடி எனக்கும் நிம்மதியாக இருந்தது. பெண் எவளும் இல்லை. பிறகு சிரிப்பு வாயிலேயே நின்று, கண் நிறைந்து, அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மடோக்காவோட குழந்தை" என்றார்.

பக்கத்து மேஜையில் யாரோ இறைச்சியைத் திருப்பிப் போட்டார்கள். புகை வந்தது. நான் புகையைக் கையால் விலக்கினேன்.

"பேரு நாகி. பொண்ணு. ரெண்டு வயசு முடிஞ்சுது."

"எங்க இருக்காங்க?"

"ஹனமாக்கியில."

ஹனமாக்கி ரயிலில் அரை மணி நேரம். வடக்கே ஹொக்கைடோவில் இருப்பாளோ, தெற்கே எங்காவது போய்விட்டாளோ, உயிரோடுதான் இருக்கிறாளோ என்று நான் மூன்றரை வருஷமாக விழித்துக் கிடந்த வீட்டிலிருந்து அரை மணி நேரம்.

"என் அட்டை திரும்பி வந்தப்போ உங்களுக்கு விலாசம் தெரியுமா?"

அவர் காலிக் கிளாஸை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினார்.

"கேக்கறேன். நான் தரையில உக்காந்து அழுதேனே. என் முதுகைத் தட்டிக் கொடுத்தீங்களே. அப்ப தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"மடோக்கா சொல்லக் கூடாதுன்னுட்டா. சொன்னா நானும் வரக் கூடாதுன்னா. நான் என்ன செய்யட்டும், அம்மா? ஒருத்தராவது பாத்துட்டு வரலாம்னுதான்..." போனை எடுத்துத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். "உன் போட்டோவை அதுகிட்டக் காட்டிட்டேதான் இருக்கேன். பாத்தி, பாத்தின்னு உன் மூஞ்சியைத் தொடும். உன்னை நல்லாத் தெரியும் அதுக்கு."

திரையில் ஒரு குழந்தை இருந்தது. மடோக்காவின் நெற்றி. என் அம்மாவின் மேலுதடு. கையில் கடித்த ஆப்பிள் துண்டு. அதற்கு என்னைத் தெரியும், எனக்கு அதைத் தெரியாது. இவர் அதைப் பெரிய உபகாரம் மாதிரிச் சொல்கிறார்.

அப்போது பரிமாறும் அம்மாள் கிண்ணங்களோடு வந்தாள். "நடுத்தரக் காரம் தாத்தாவுக்கு. பாட்டிக்குத் தனியா" என்று சிரித்தபடி என் முன்னால் வைத்து, காரத்தைச் சின்னத் தட்டில் பக்கத்தில் வைத்தாள். நன்றி சொன்னேன். நாற்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிடும்.

அவள் போனதும், "எந்தப் பேர்ல வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"எதை?"

"மடோக்கா நம்பரை."

"வேண்டாம், அம்மா. நாளைக்கு நானே பக்குவமா சொல்றேன்."

"எந்தப் பேர்ல?"

"பல் டாக்டர்."

போனைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் எட்டிப் பிடித்தார். மேஜை நடுவில் அடுப்பு இருந்ததால் முழங்கையைச் சுட்டுக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என் மேல் இன்னும் கோபமாக இருக்கிறாள், அவ்வளவுதானே. திட்டுவாள். திட்டட்டும். காலில் விழச் சொன்னால் விழுவேன். அந்த அறிக்கையைப் படித்தது தப்பு என்று சொல்ல மூன்றரை வருஷமாக ஒரு காது தேடிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"அப்பா? இன்னிக்கு வர முடியலன்னு நாகி ஒரே அழுகை. வாசல்லயே நின்னுட்டிருந்தா."

குரல் கொஞ்சம் தடித்திருந்தது. மற்றபடி அதே குரல்.

"நான்தான்," என்றேன். "அம்மா பேசறேன்."

எதிர்ப்பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அம்மாவா?" என்றாள். பிறகு சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "அம்மா. நான் மடோக்கா. உங்க பொண்ணு. ஞாபகம் இருக்கா?"

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். "நல்லா கேட்டே போ. நம்பரை மாத்திட்டுப் போனது நீ. எனக்கா மறந்திருக்கும்? மடோக்கா, அன்னிக்கு நான் செஞ்சது..."

"சரிம்மா, சரிம்மா. கோபப்படாதீங்க. ஒண்ணும் இல்ல. இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க? சொல்லுங்க பாப்போம்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். எங்கள் சேர்ந்திசைக் குழு கோடைக்கு ஒரு தடவை முதியோர் இல்லத்துக்குப் பாடப் போகும். நினைவு தப்பியவர்கள் இருக்கும் மாடியில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

"மடோக்கா, அப்பா என்னைப் பத்தி உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? வயசானா யாருக்கும் வர்றதுதான். நீங்க பதட்டப்படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராமே. நாகி பொறந்தப்பவே உங்களைப் பாக்க வரேன்னு சொன்னேன். என்னைப் பாத்தா அந்தச் சண்டை திரும்ப ஞாபகம் வந்து, உங்களுக்கு ரொம்ப ஜாஸ்தியாயிடும்னு அப்பாதான்..." நிறுத்திவிட்டாள். அழுவது கேட்டது.

சொல்லக் கூடாது என்று சொன்னது அவள் இல்லை. வருகிறேன் என்று சொன்னவள் அவள். இரண்டு வருஷமாக என் மகள் தடுக்கப்பட்டிருக்கிறாள். என் மேல் கோபம் போன மகள், அரை மணி நேர தூரத்தில், அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்து அழுதுகொண்டிருந்திருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு வந்து இவர் நான் சுட்ட மீனைத் தின்றுகொண்டு எனக்குப் படக்கதை சொல்லியிருக்கிறார்.

இவர் நூடுல்ஸ் கிண்ணத்தைப் பார்த்தபடி சொன்னார். "நீ வந்தா மறுபடியும் எல்லாம் போயிடும்னு பயந்துட்டேன். மாசத்துல ஒரு சாயங்காலம்தான். எனக்குன்னு அது ஒண்ணுதான் இருந்துது."

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை.

"மடோக்கா, நல்லா கேட்டுக்கோ. எனக்கு ஒரு வியாதியும் இல்ல. மறதி கிறதி எதுவும் இல்ல. உங்கப்பா பொய் சொல்லியிருக்காரு."

"சரிம்மா" என்றாள், அதே குரலில்.

சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. அந்த மாடியில் இருக்கிற எல்லோரும் சொல்வது இதைத்தான். எனக்கு ஒன்றும் இல்லை, வீட்டில் இருப்பவர்கள்தான் பொய் சொல்கிறார்கள் என்று. கோபப்பட்டால் வியாதி. அழுதால் வியாதி. மன்னிப்புக் கேட்டால், பாவம், பழசெல்லாம் கிளம்பிவிட்டது என்பாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஞாபக சக்தியைச் சோதிக்க டாக்டர்கள் கேட்பார்களே, அறுபது தாண்டிய எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த அந்தக் கேள்விகள், அவற்றுக்கு நானே பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

"இன்னிக்கு அக்டோபர் இருபத்தொம்பது. புதன்கிழமை. நான் இருக்கிறது மொரியோகா ஸ்டேஷன் பக்கத்துல, சாப்பாட்டுக் கடையில. நூறுல ஏழு போனா தொண்ணூத்தி மூணு. அதுல ஏழு போனா எம்பத்தி ஆறு."

கடையில் பேச்சு அடங்கியது. பரிமாறும் அம்மாள் தட்டோடு நடுவழியில் நின்றுவிட்டாள். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும்.

"எழுபத்தொம்பது. எழுபத்தி ரெண்டு. அறுபத்தஞ்சு."

"சரியா சொல்றீங்கம்மா," என்றாள் மடோக்கா. தேம்பலை அடக்கிக்கொண்டு, ஒரு குழந்தையைப் பாராட்டுவது போலச் சொன்னாள். "ரொம்ப நல்லா சொல்றீங்க. அப்பா பக்கத்துல இருக்காரு இல்ல? இப்ப போனை அப்பாகிட்ட குடுங்க."

"அம்பத்தெட்டு" என்றேன்.